பத்து வட்டியும் ஒரு பட்ட மேற்படிப்பும்

'டெவலப்மென்ட் ஸ்டடீஸ் படிக்கப் போறேன்'னு வீட்டுல சொல்லிப் பாருங்க. 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட்டா? அதுக்கெதுக்கு ரெண்டு வருஷம்?'னு அப்பா கேப்பார். சாஃப்ட்வேர்னு நினைச்சு அம்மா சந்தோஷப்படுவாங்க. ரெண்டும் இல்லை. சில நாடு, சில ஊர், சில தெரு மட்டும் ஏன் ஏழையாவே இருக்கு, அரசாங்கம் போடுற திட்டம் யாருக்குப் போய்ச் சேருது, சேராட்டி எங்கே நின்னுபோச்சு... இதைப் படிக்கிற படிப்பு.

இங்கிலாந்து சசெக்ஸ்ல போய்ப் படிக்கணும்னு கனவு இருக்கா? போங்க, தப்பே இல்லை. அதுக்கு முன்னாடி தல்லாகுளத்துல பஸ் ஏறி அழகர்கோவில் ரோட்டுல ஒரு தடவை போயிட்டு வாங்க. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வர்ற அதே ரோடுதான். அப்பன்திருப்பதி பக்கம் பில்லுசேரின்னு ஒரு கிராமம். சின்னப்பிள்ளையோட ஊர்.

பேரைக் கேட்ட மாதிரி இருக்கா? 2001-ல் டெல்லியில 'ஸ்த்ரீ சக்தி' விருது கொடுத்தப்போ, பிரதமர் வாஜ்பாய் குனிஞ்சு ஒரு அம்மாவோட காலைத் தொட்டாரே... அவங்கதான். எழுதப் படிக்கத் தெரியாதவங்க. வயல் வேலைக்குப் போற பெண்களைச் சேர்த்துக்கிட்டு, நிலத்துக்காரங்ககிட்ட கூலி பேசுற ஆளா இருந்தாங்க. 1990-கள்ல மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்கள் வளர்ந்தப்போ அதுல தலைவி ஆனாங்க. 1997-ல் இருந்து இந்தக் குழுக்களை வளர்த்தது மதுரையோட தானம் அறக்கட்டளை.

களஞ்சியத்துல அப்படி என்ன விசேஷம்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினா மாசம் 1,000 வட்டி. ஒரு வருஷம் ஒழுங்காக் கட்டினா 12,000 போயிருக்கும். அசல் 10,000 அசையாம உக்காந்திருக்கும். (கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் 2003-லேயே வந்துடுச்சு. வட்டிக்காரர் ஊரைக் காலி பண்ணிட்டாரான்னு என்னைக் கேக்காதீங்க!) அதே 10,000-த்தைக் குழுவோட சேமிப்புல ரெண்டு வட்டிக்கு எடுத்தா மாசம் 200. அந்த 200-ம் வெளியே போகாது, குழுப் பணத்துலயே திரும்ப விழும். யாருக்கு முதல்ல கொடுக்கிறது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவா, ஆஸ்பத்திரிச் செலவுக்கான்னு அவங்களே வட்டமா உக்காந்து பேசி முடிப்பாங்க.

இப்ப தியரிக்கு வருவோம். சின்னக் கடன் கொடுத்தா வறுமை ஒழியும்னு ஒரு கட்சி. 2006-ல் பங்களாதேஷின் முகமது யூனுஸுக்கும் கிராமீன் பேங்குக்கும் நோபல் பரிசே கிடைச்சுது. நாலே வருஷம். 2010-ல் ஆந்திராவுல மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளோட வசூல் கெடுபிடி, தற்கொலைகள்னு செய்தி வந்து, மாநில அரசு அவசரச் சட்டம் போட்டுச்சு. அங்கேயும் சின்னக் கடன்தான், பெண்கள் குழுதான். பணம் யாரோடது, முடிவெடுக்கிறது யார்? அங்கதான் வித்தியாசம். ஒரு செமஸ்டர் முழுக்க இதை மட்டும் சண்டை போட்டுப் படிக்கலாம்.

பாலிசி? சின்னப்பிள்ளைக்கு 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. 2024-ல், தருவதாகச் சொன்ன வீடு தனக்கு வரலைன்னு அவங்க வருத்தப்பட்ட செய்தி பேப்பர்ல வந்துச்சு. அதுக்கப்புறம்தான் தமிழக அரசு வீடு கட்டித் தர உத்தரவு போட்டுச்சு. நாடே பார்த்த ஒரு அம்மாவுக்கே இந்த நிலைமைன்னா, யாரும் படம் பிடிக்காத பக்கத்து வீட்டு அம்மா எத்தனை மேஜை ஏறி இறங்கணும்? அந்த மேஜைகளை ஒண்ணொண்ணா எண்ணுற வேலைக்கும் ஆள் வேணும் பாஸ்.

படிக்க இடம் தூரத்துலயும் இல்லை. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் இருக்கு. மதுரையிலேயே 2000-ல் டாடா-தான் அகாடமிங்கிற பேர்ல ஒரு கல்வி நிறுவனம் தொடங்கினாங்க. சென்னை ஐ.ஐ.டி.யில எம்.ஏ. இருக்கு. ஆரம்பச் சம்பளம் மட்டும் ஐ.டி. நண்பன்கிட்ட சொல்லிக்கிற மாதிரி இருக்காது. முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் திட்டக் கூடாது.

அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி, அனுமதி கேட்டுட்டு ஏதாவது ஒரு மகளிர் குழுக் கூட்டத்துல ஓரமா உக்காருங்க. கேள்வித்தாள், சர்வே எல்லாம் வேண்டாம். கணக்கு நோட்டு யார் கையில இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு வாங்க.