தோஷம் பிள்ளைகிட்ட இல்ல, நம்மகிட்டதான்

முருகன் துணை. கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். முழுசா படிச்சிட்டு அப்புறம் கோபப்படுங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானக் கூடத்துல பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். ஒரு அம்மா வந்து, "தம்பி, குருக்கள்கிட்ட சொல்லி மகனுக்கு ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டணும். ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கறான். ஏதோ தோஷம் போல"ன்னு சொன்னாங்க. (அவங்க அனுமதியோடதான் எழுதறேன்.)

பையன் இந்த வருஷம் முதலாம் படிவம். தமிழ்ப்பள்ளியில அவன் வகுப்புல மொத்தமே 11 பேர். இப்போ இடைநிலைப்பள்ளியில ஒரு படிவத்துக்கே 200 பேருக்கு மேல. பழைய கூட்டாளிங்க ஆளுக்கொரு பள்ளிக்குப் போயிட்டாங்க. ரெஸ்ட் நேரத்துல இவன் நூலகத்துல போய் உட்கார்ந்துக்கறான். கொண்டுபோன சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருது.

தைப்பூசத்துக்கு மொட்டை போட்டுப் பால்குடம் எடுத்த பிள்ளை அவன். மறுபடி பள்ளிக்குப் போன நாள்லேர்ந்து அவன் பேரு "போத்தாக்". போறவன் வர்றவன் எல்லாம் தலையில தட்டறானாம். வேற இனத்துப் பசங்களாத்தான் இருக்கும்னு நினைச்சு, "முதல்ல ஆரம்பிச்சது யாரு?"ன்னு கேட்டேன். அவன் சொன்ன ரெண்டு பேருமே நம்ம கோயில் பிள்ளைங்க. ஒருத்தன் உறுமி அடிக்கறவன். இன்னொருத்தன் என் சொந்த அக்கா மகன்.

இப்போ சொல்லுங்க, கயிறு யாருக்குக் கட்டணும்?

பிள்ளை "எனக்குக் கூட்டாளி இல்லம்மா"ன்னு சொன்னா, நாம என்ன சொல்றோம்? "படிக்கத்தானே போற, கூட்டாளி எதுக்கு?" அழுதா, "ஆம்பளப் பிள்ள அழலாமா?" ரொம்ப வாடிப்போனா ஒரு அர்ச்சனை. அர்ச்சனை வேணாம்னு நான் சொல்லல. அர்ச்சனைச் சீட்டு வாங்கினதோட கடமை முடிஞ்சதுன்னு நினைக்கறோம் பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

இன்னொரு பக்கம், "அந்தக் குடும்பத்துப் பிள்ளையோட சேராதே", "அவங்க அப்பா என்ன வேலை செய்யறாரு?"ன்னு இதே வாயாலதான் சொல்றோம். பந்தியில கூடத் தெரிஞ்சவங்க பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கறோம். ஒதுக்கறதைப் பிள்ளைங்க எங்க கத்துக்கிட்டாங்கன்னு கேட்க நமக்கு என்ன தகுதி இருக்கு?

ஆடி சுவாதியில சுந்தரர் குருபூஜை செய்யறோம். அவருக்குத் தம்பிரான் தோழர்னே பேரு. தோழனுக்காகச் சிவபெருமானே திருவாரூர்த் தெருவுல பரவையார் வீட்டுக்கு ராத்திரியில தூது நடந்தாருன்னு பெரியபுராணம் சொல்லுது. கடவுளே தோழமையை அவ்வளவு பெருசா மதிச்சிருக்காரு. நாம "கூட்டாளி எதுக்கு?"ன்னு கேட்கறோம்.

2025-ல தண்டனைச் சட்டத்துல திருத்தம் வந்து, பகடிவதை இந்த நாட்டுல குற்றமாயிடுச்சு. நல்லது. அடிக்கற கையைச் சட்டம் தடுக்கும். ஆனா "வாடா, எங்களோட உட்கார்ந்து சாப்பிடு"ன்னு சொல்ல எந்தச் சட்டம் வரும்? அதைப் பெரியவங்க நாமதான் பழக்கணும்.

அன்னிக்கு ராத்திரியே அக்கா வீட்டுக்குப் போனேன். "விளையாட்டுக்குத்தான் மாமா"ன்னான். "நீயும் போன வருஷம் மொட்டைதானேடா போட்ட?"ன்னு கேட்டேன். தலை குனிஞ்சான். அக்காவுக்கு என்மேல இன்னும் கோபம். இருக்கட்டும்.

நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் மூணு கோரிக்கை. ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு வர்ற பிள்ளைங்கள்ல யார் யார் எந்தப் பள்ளின்னு எழுதுவோம். ஒவ்வொரு முதலாம் படிவப் பிள்ளைக்கும் அதே பள்ளியில மேல் படிவத்துல படிக்கற ஒரு அண்ணனையோ அக்காவையோ கைகாட்டுவோம். இதுக்கு உபயகாரர் தேவையில்ல, ஒரு வெள்ளி செலவில்ல. ரெண்டாவது, பந்தியில தனியா நிக்கற பிள்ளையைத் தொண்டர்கள் மத்த பிள்ளைங்களோட சேர்த்து உட்கார வைக்கணும். மூணாவது, பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தா, முதல்ல வகுப்பாசிரியரையும் கவுன்சலிங் டீச்சரையும் போய்ப் பாருங்க. வர்ற வழியில கோயிலுக்கும் வாங்க.

இந்தப் பதிவைப் பகிரறதுக்கு முன்னாடி இன்னிக்கு ராத்திரி உங்க பிள்ளைகிட்ட, "ரெஸ்ட்ல யாரோட சாப்பிட்ட?"ன்னு கேளுங்க. பதில் நல்லா இருந்தா அதோட விட்டுடாதீங்க. "உன் வகுப்புல யாரு தனியா சாப்பிடறாங்க?"ன்னும் கேளுங்க.

வேலும் மயிலும் துணை.