வெடிகுண்டுக்கு மை போட்ட சர்க்கார்

வெற்றிலையில் மை தடவிக் களவுபோன நகையைக் காட்டுகிறேன் என்பவனையும், கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு பூமிக்குள் நீரோட்டம் சொல்லுகிறேன் என்பவனையும் நம்புகிறவர்கள் பட்டிக்காட்டுப் பாமரர்கள்தான் என்று படித்தவர்கள் சொல்லுவதுண்டு. அப்படியானால் ஈராக் சர்க்கார் செய்த காரியத்திற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்கிறோம்.

ஏ.டி.இ. 651 என்று ஒரு கருவி. ஒரு கைப்பிடி, அதில் இங்குமங்கும் ஆடும் ஓர் ஆன்டெனாக் கம்பி, அவ்வளவுதான். பாட்டரிகூடக் கிடையாது. வெடிமருந்து இருக்கும் பக்கம் கம்பி தானே திரும்புமாம்! கோல்ஃப் பந்து தேட என்று 20 டாலருக்கும் குறைவாக விற்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்துச் செய்த இதை, ஜேம்ஸ் மக்கார்மிக் என்ற ஆங்கிலேயர் ஆயிரக்கணக்கான டாலர் விலைக்கு விற்றார். ஈராக் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் அழுதது. 2009 அக்டோபர் 25-ல் பாக்தாதில் குண்டு வண்டிகள் வெடித்து 155 பேர் மாண்டார்கள். அவ்வண்டிகள் இக்கம்பி காவல் காத்த சாவடிகளைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அந்நாட்டுத் தளபதி ஒருவர், அது மந்திரமோ விஞ்ஞானமோ, குண்டைக் காட்டினால் தமக்குப் போதும் என்றாராம். காட்டவில்லையே, ஐயா!

மறைந்த பொருளைக் கண்டறியவே முடியாது என்று நாம் சொல்ல வரவில்லை. ரேடியோ அலையை மண்ணுக்குள் செலுத்தினால், மண்ணினின்று மின்தன்மை வேறுபட்ட பொருளில் பட்டு அது சிதறுகிறது. சிதறியதில் ஒரு பகுதி மேலே திரும்பி வருகிறது. வரப் பிடித்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடலாம். உலோகம் அதிகமில்லாத பிளாஸ்டிக் கண்ணிவெடியும் இதற்குத் தப்பாது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. அலையின் நீளத்தைவிடப் பொருள் மிகச் சிறியதானால், அதன் அளவு பாதியாகும்போது சிதறும் சக்தி 64-ல் ஒரு பங்காகிவிடும். நீளம் குறைந்த அலையை அனுப்பலாமே என்றாலோ, அது ஈரக் களிமண்ணில் சீக்கிரம் அடங்கிப் போகும். கல்லும் வேருங்கூட அலையைச் சிதறடித்து ஆளை ஏமாற்றும். இவ்வளவையும் அக்கருவியைச் செய்தவர்களே சொல்லுகிறார்கள். ஆதலால்தான் உலோகம் காட்டும் கருவியையும் இதனோடு சேர்த்துக் கம்போடியாவில் கண்ணி தேடினார்கள்.

கம்பிக்காரர் சங்கதியோ வேறு. அவருடைய கருவிக்குக் குறையே கிடையாது. திரும்பவில்லையென்றால் பிடித்தவன் களைத்திருந்தான், அவன் நாடி சரியாக ஓடவில்லை என்பார்கள். வேண்டுதல் பலிக்காவிட்டால் பக்தன்மேல் குற்றம் சொல்லும் பூசாரி வேலை இதுவேயல்லவா? தாய்லாந்தில் இதே ஜாதிக் கருவியொன்றை 2010-ல் பரீட்சை செய்தார்கள். 20 தடவையில் 4 தடவைதான் சரியாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலும் அவ்வளவு வந்திருக்கும். இப்பரீட்சையை வாங்குமுன் செய்ய ஒரு மேஜையும் சில பெட்டிகளும் போதுமே!

மக்கார்மிக்குக்கு 2013-ல் லண்டன் கோர்ட்டில் 10 வருஷம் சிறை கிடைத்தது. அப்புறமாவது கம்பிகளைக் குப்பையில் போட்டார்களா? இல்லை. 2016 ஜூலையில் பாக்தாதின் கர்ராதாவில் குண்டு வெடித்து 300-க்கு மேற்பட்டவர்கள் மாண்ட பிறகுதான், அவற்றைச் சாவடிகளிலிருந்து எடுக்கும்படி பிரதம மந்திரி உத்தரவு போட்டார்.