‘நாங்கள்’ என்றால் யார்?

2024 ஜனவரி முதல் வாரம். 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து மறுபடியும் மைக் முன்னால் உட்கார்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பேச்சு பிள்ளை வளர்ப்பு பக்கம் போனது. நேயர் ஒருவர் பெம்பர்ஸ் விலையைச் சொல்லி அலுத்துக்கொள்ள, நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: “எங்க வீட்ல நாங்க துணி டையப்பர்தான். துவைச்சு, காயவச்சு, மறுபடியும் கட்டுவோம்!”

பட்டர்வொர்த்தில் என் வீட்டு அடுப்படியில் அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாலையில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். “ரேடியோவுல ‘நாங்க நாங்க’ன்னு சொன்னியே, அது யாரும்மா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கையில் அலசிய துணி வாளி இருந்தது.

பிரசவத்துக்கு முன் இரண்டு மாதம் நான் துணி டையப்பரைப் பற்றிப் படித்த அளவுக்கு ஊடகவியல் பட்டத்துக்குக்கூடப் படித்ததில்லை. உள்துணியையும் வெளியுறையையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த வகை, உள்ளே பட்டையைச் செருகும் பாக்கெட் வகை, மடித்துத் தைத்த பட்டைத் துணி, பாட்டி காலத்துச் சதுர நெப்கின் என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டேன். ஒன்றாகத் தைத்த வகை பார்க்க அழகு, கட்டுவதும் சுலபம். ஆறு வாங்கினேன். மகள் பிறந்ததோ செப்டம்பர் கடைசி. பினாங்கில் மழை கொட்டும் காலம். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் அந்த ஆறும் காய இரண்டு நாள் எடுத்தன. அட்டவணையில் நான் போடாத ஒரே கட்டம், ‘எவ்வளவு நேரத்தில் காயும்?’

அம்மா என் அட்டவணையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கெடாவில் தோட்டத்தில் வளர்ந்தவர். பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போன காலத்து மனுஷி. பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்துத் துவைத்து மெதுவாக்கிய துணிதான் அவருக்குத் தெரிந்த டையப்பர். சந்தையில் இரண்டு டஜன் சதுர நெப்கின் வாங்கி வந்தார். ஒற்றைத் துணி என்பதால் விரித்துப் போட்டால் வெயிலில் மளமளவென்று காய்ந்துவிடும். அதையே நீளவாக்கில் மடித்துப் பாக்கெட் டையப்பருக்குள் செருகினால் புதுசும் பழசும் சேர்ந்த நல்ல ஏற்பாடு. கடைசிவரை எங்களுக்கு உழைத்தது அதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். மைக்ரோஃபைபர் பட்டை விலை குறைவு, ஈரத்தைச் சட்டென்று இழுக்கும். ஆனால் பிள்ளை உட்கார்ந்து அழுத்தினால் ஈரம் வெளியே வந்துவிடும். தோலின் ஈரப்பசையையும் உறிஞ்சிவிடும் என்பதால் நேராக உடம்பில் படும்படி வைக்கக்கூடாது. பருத்தி மெதுவாக உறிஞ்சினாலும் பிடித்துவைத்துக்கொள்ளும். மூங்கில் துணியும் அப்படித்தான். (மூங்கில் என்றதும் காட்டிலிருந்து நேரே வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ரசாயனத்தில் கரைத்து நூலாக்கிய ரேயான் வகைதான் அது.) துணியை மணக்கவைக்கும் மிருதுவாக்கி ஊற்றவே கூடாது. அது நூலின்மேல் படிந்து, துணி ஈரத்தை இழுக்காமல் போகும். கெட்டியான டையப்பர் களிம்பும் துணியில் ஒட்டினால் அதே கதைதான். என்ன துணியானாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் போனால் உடனே. என் மகளுக்கு முதல் முறை தொடையிடுக்கு சிவந்தபோது நான் துணியைக் குறை சொன்னேன். இரவு முழுக்க மாற்றாமல் தூங்கியது நான்.

எங்கள் துணி துவைக்கும் இயந்திரத்தில் வெந்நீர் வராது. கறை பட்டதையெல்லாம் அம்மாதான் தனியாகச் சுடுதண்ணீர் ஊற்றி அலசி, பிழிந்து, பிறகு இயந்திரத்தில் போடுவார். நான் எழுந்திருப்பதற்குள் கொடியில் தொங்கும். தொங்கும் படத்தை எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டது மட்டும் என் வேலை.

அம்மா அந்தக் கேள்வியைக் கேட்ட சில நாளிலேயே, ஜனவரி 10ஆம் தேதி, தண்ணீர் நின்றது. சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்ற வேண்டியிருந்தது. முன்கூட்டியே அறிவித்த வேலைதான். தீவு, பெருநிலம் இரண்டு பக்கமும் பாதிப்பு. வீட்டிலிருந்த வாளி, தொட்டி, பொங்கலுக்கு எடுத்துவைத்த பெரிய பானை வரை நிரப்பினோம். ஒருநாள் டையப்பரை அலசவே மூன்று வாளி போய்விடும். அம்மா பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கீழே இறங்கிப் போய் பெம்பர்ஸ் வாங்கி வந்தேன்.

நாலு நாளில் ஒரு கறுப்புப் பை நிறைந்துவிட்டது. தூக்கிக் குப்பைத் தொட்டியில் போடும்போது புலாவ் புரோங் நினைவுக்கு வந்தது. நிபோங் திபால் பக்கம் இருக்கும் குப்பைமேடு. தீவின் குப்பைகூடப் படகில் ஏறி அங்கேதான் வந்து சேர்கிறது. 2022 ஜனவரியில் அது தீப்பற்றி, சுற்றுவட்டாரம் நாள்கணக்கில் புகையில் கிடந்தது.

அப்படியானால் துணிதான் நல்லதா? பிரிட்டனில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2008இல் வந்த ஆய்வில், ஒரு பிள்ளைக்கு இரண்டரை ஆண்டில் வீசியெறியும் டையப்பரால் சுமார் 550 கிலோ கரியமில வாயு, துணியால் 570 கிலோ. கிட்டத்தட்ட சரிசமம். இயந்திரம் நிறையப் போட்டுத் துவைத்து, வெளியே காயவைத்து, இரண்டாவது பிள்ளைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு வெகுவாகக் குறையும் என்றார்கள். 2023இல் மறுபடி கணக்குப் பார்த்தபோது துணி 345, மற்றது 457. நமக்கோ வெயில் இலவசம். ஆக, துணிக்கே வெற்றி என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்தக் கணக்கில் மின்சாரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சோப்புத்தூள்கூட இருக்கிறது. தண்ணீர் நின்ற மூன்றாம் நாள் அம்மா மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். “இந்த நாலு நாளு கை கொஞ்சம் தேவலாம்” என்றார். மூன்று மாதத்தில் அவர் கைவலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்றிரவு என் கணவரும் நானும் கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டோம். பிறையில் தொழிற்சாலை வேலை, இரவு ஷிப்ட் வேறு, எனக்கு எங்கே நேரம் என்று ஆரம்பித்தவர், கடைசியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அலசுவது என் பொறுப்பு என்றார். முதல் வாரம் மிருதுவாக்கியை ஊற்றி ஒரு டஜனைக் கெடுத்தார். பிறகு என்னைவிட நன்றாகச் செய்தார்.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு, பிள்ளை பார்க்கும் அக்கா துணி என்றதுமே கையை விரித்துவிட்டார். “நாலு பிள்ளைங்கள பாக்குறேம்மா, பெம்பர்ஸே குடுத்துடுங்க.” அதில் என்ன தப்பு? பகலில் பெம்பர்ஸ், மாலையிலும் வாரக் கடைசியிலும் துணி, இரவில் அன்றைய அசதியைப் பொறுத்து என்று மகள் வளர்ந்தாள்.

நிகழ்ச்சியிலும் ஒருநாள் திருத்திச் சொன்னேன். துவைத்தது நாங்கள் இல்லை, அம்மா என்று. உடனே போன் வந்தது. “அதை வேற ஊருக்கே சொல்லணுமா?” குரலில் கோபம் இல்லை.

நிலையத்தில் தங்கை மாதிரி ஒருத்தி, ஆறு மாதம். போன வாரம் வந்து, “அக்கா, எந்தத் துணி டையப்பர் நல்லது, எத்தனை வாங்கலாம்?” என்று கேட்டாள். யார் துவைப்பார்கள், வீட்டில் பேசியாயிற்றா என்று கேட்டேன். திருதிருவென்று முழித்தாள். பேசிவிட்டு வா, பாக்கெட் வகை பத்து என்னிடம் இருக்கிறது, தருகிறேன் என்றேன். நெப்கின் தரமாட்டேன். அவை இப்போது வீட்டில் கைப்பிடித் துணி, தூசித் துணி. இதை எழுதுவதற்கு முன் மேசையைத் துடைத்ததும் அதில் ஒன்றால்தான்.