சிக்கனக்காரனுக்கு நாடகமே நல்ல கதை

மூன்று ஷிப்டுகளாக இயங்கும் சிப்காட் ஆலைகளை நம்பித் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகின்ற ஜனங்கள் ஒரே தெருவில் குடியிருந்து வாழும் ஓசூரில், கையில் கைப்பேசியும் நெஞ்சில் நடிப்பாசையும் கொண்ட வாலிபர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் குறும்படம் எடுக்கப் புகும்போது, துரத்தலும் துப்பாக்கியும் நிறைந்த கதைகளைத் தேடி அலையாமல், நாலு பாத்திரங்களும் ஓர் அறையும் போதுமென்று எழுதப்பட்டு, சபையோர் முன்னிலையில் பரீட்சை தேறிய நாடகங்களை நாடுவதே விவேகமாகும்.

சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிய கே. பாலசந்தர், 1965-இல் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி'யைத் தம் நாடகத்திலிருந்தே எடுத்தார். ஏறக்குறைய முழுக்கதையும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்தேறிய அப்படத்தில், இடத்தின் குறுக்கம் குறையாகத் தோன்றாமல், மரணத்தை எதிர்நோக்கியிருப்பவனின் நிலைமைக்கே பொருத்தமாயிற்று. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை 1981-இல் பாலசந்தரே படமாக்கியபோது, மேடையில் வசனத்தால் உணர்த்த வேண்டியிருந்த வறட்சியைக் காய்ந்த பூமியே சொல்லிவிட்டது. கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று உரத்துப் பேசிய பேச்சு, முகத்தருகே வந்து நிற்கும் காமிராவுக்கு மிகை. ஆகவே நாடகத்தைப் படமாக்குவோர் முதலில் செய்யத்தக்கது வசனத்தைக் குறைப்பதேயன்றி, வெளிப்புறக் காட்சிகளைச் சேர்ப்பதன்று.

கிருஷ்ணகிரிச் சீமையில் திரௌபதியம்மன் விழாக்களில் ஆடப்படும் தெருக்கூத்தில், இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று பாடிய பிறகே வேஷக்காரர் சபைக்கு முகம் காட்டுகிறார். அரிதாரத்தின்மேல் வியர்வை அரும்ப, பாட்டின் முதலடிக்கு முன் அவர் மூச்சை இழுத்து நிறுத்தும் அந்தக் கணத்தைச் சபையோர் காண்பதில்லை, காமிரா காணும். நாடகத்தில் இல்லாததைப் படம் தருவது இப்படித்தான்.

விசைத்தறித் தொழிலாளர் நிரம்பிய மகாராஷ்டிரத்து மாலேகாவ் ஊரார் சொற்பப் பணத்தில் படமெடுத்ததை 2008-இல் வந்த ஆவணப்படம் உலகறியச் செய்தது. எனினும் அவர்கள் பெரிதும் கைக்கொண்டது பிரபல சினிமாக்களைப் பகடி செய்யும் வழியை. நமக்கோ சொந்த நாடகங்கள் இருக்கின்றன.

நாடகாசிரியரிடம் முறைப்படி அனுமதி பெற்று, இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஒலிப்பதிவுக்கே ஒதுக்குங்கள். மங்கிய காட்சியைப் பொறுத்துக்கொள்ளும் ரசிகன், விளங்காத பேச்சைப் பொறுப்பதில்லை. பாத்திரங்கள் இந்த ஊர் பேசுகிறபடியே மூன்று பாஷைகளையும் கலந்து பேசட்டும். சென்னையும் பெங்களூரும் எடுத்துத் தர இயலாத படம் அதுவாகவே இருக்கும்.