நாற்றம் போயிற்று, நஞ்சு போயிற்றா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த பால்பண்ணைக்காரர் ஒருவர் அறைவீட்டுத் திண்ணையில் எனக்காகக் காத்து நின்றார். கையில் ஒரு துணிப் பொட்டலம். அவிழ்த்துக் காட்டினார். உள்ளே, அவருடைய மின்னாக்கி இயந்திரத்திலிருந்து கழற்றிய வெண்கலப் புஷ் ஒன்று, அடுப்படிச் சட்டிபோல் கறுத்து, ஓரமெல்லாம் அரித்துக் கிடந்தது.

"சாமி, இதைப் புதிதாகப் போட்டு ஏழு மாதம்கூட ஆகவில்லை. சாண வாயுவில் கந்தகம் இருக்கும் என்று சொன்னதால் கரி வடிகட்டியும் வாங்கி வைத்தேன். இப்போது துளி நாற்றமும் இல்லை. பிறகு எப்படி இந்தக் கேடு?" என்றார்.

குருமடத்தில் யான் கற்றவை மெய்யியலும் இறையியலுமே. இயந்திர நூல் அன்று. ஆயினும் முன்பு ஒரு விடுதியின் பொறுப்பில் இருந்தபோது, அங்கிருந்த சாண எரிவாயுக் கலனோடு சில ஆண்டுகள் போராடியதுண்டு. அந்தப் போராட்டம் கற்பித்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்வது, மாடு வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு உதவும் என எண்ணுகிறேன்.

கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. பம்பாய் மாட்டுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-ஆம் ஆண்டிலேயே அவ்வாறு எடுத்த வாயுவால் விளக்கேற்றினர். காற்றுப்புகாத கலனுள் சாணக் கரைசல் புளிக்கும்போது எழும் வாயுவில் ஐந்தில் மூன்று பங்கு எரியக்கூடிய மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. இவற்றோடு நீராவியும், மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. அழுகிய முட்டையின் நாற்றம் இந்தக் கடைசி வாயுவினுடையதே. தீவனத்தின் புரதத்தில் உள்ள கந்தகத்திலிருந்து இது பிறக்கிறது. ஆதலின் கோழி எச்சம், சமையற்கழிவு ஆகியவற்றைச் சேர்க்கும் கலன்களில் கூடுதலாகவே காணப்படும். பத்து லட்சம் பங்கு வாயுவில் சில நூறு முதல் சில ஆயிரம் பங்கு வரை இருக்கலாம்.

அடுப்பெரிக்கும் இல்லத்தரசியர் இதைக் குறித்து மிக அஞ்ச வேண்டியதில்லை. எரியும்போது அது கந்தக டை ஆக்சைடாக மாறுகிறது. அடுப்படிச் சாளரத்தைத் திறந்து வைத்தால் போதும். இயந்திரத்தின் கதை வேறு. அங்கே அந்தக் கந்தகப் புகை நீராவியோடு கூடி அமிலமாகி, மசகெண்ணெயைக் கெடுக்கும். எரியாத ஹைட்ரஜன் சல்பைடோ செம்பும் வெண்கலமும் கலந்த உறுப்புகளை நேரே பற்றிக் கறுக்கச் செய்யும். நம் பண்ணைக்காரர் கொணர்ந்த புஷ் அதற்குச் சான்று.

மறுநாள் மாலை அவர் தொழுவத்திற்குச் சென்றேன். வாயிலை நெருங்கும்போதே அந்த நாற்றம் என் மூக்கை எட்டிற்று! அவரோ, "எங்கே சாமி, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றார். பொய்யன்று. நாள் முழுதும் அங்கேயே நிற்பவர்; மூக்கு பழகிவிட்டது. வடிகட்டியைத் திறந்தோம். பொருத்திய நாள்முதல் கரி மாற்றப்படவே இல்லை. அது தண்ணீர் சுத்திகரிப்பதற்கென விற்கப்படும் கரி என்பதும் பையைப் பார்த்த பின்னரே தெரிந்தது. விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

கரி என்றால் எல்லாம் ஒன்றுதானே எனலாம். அடுப்புக் கரியின் நுண்துளைகள் பெரும்பாலும் தார்ப்பொருளால் அடைபட்டிருக்கும். அதே கரியை 800 முதல் 1000 பாகை வெப்பத்தில் நீராவியால் தாக்கினால் அடைப்புகள் நீங்கி எண்ணற்ற புதுத் துளைகள் திறக்கின்றன. இதுவே கிளர்வூட்டிய கரி. கடைக்காரர் வாயில் 'ஆக்டிவேட்டட் கார்பன்'. இதன் ஒரே ஒரு கிராமின் உட்பரப்பை விரித்து அளந்தால் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம்! அந்தப் பரப்பில் வாயுவின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்ச்சி என்பர். தேங்காய்ச் சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. வாயுக்களைப் பிடிக்க அவையே ஏற்றவை. (வடமாவட்டத்தார் இதைக் கொட்டாங்கச்சி என்பர், சண்டை வேண்டாம்.) முதல் உலகப் போரில் நச்சுப் புகையைத் தடுக்கும் முகமூடிகளுக்காக, 1918-இல் அமெரிக்க மக்கள் பழக்கொட்டைகளையும் சிரட்டைகளையும் வீடுவீடாகச் சேகரித்துக் கொடுத்தனர். இன்று நம் தமிழகத்துச் சிரட்டையும் கரியாகிக் கடல் கடந்து செல்கிறது.

எனினும் வெறும் கரி, ஹைட்ரஜன் சல்பைடை அதிகம் தாங்காது. அதற்கென உள்ள கரியில் பொட்டாசியம் அயோடைடையோ ஒரு காரப்பொருளையோ ஊட்டியிருப்பர். அவ்வாறு ஊட்டிய கரியின் துளைகளுக்குள், சிறிதளவு உயிர்வளியும் ஈரப்பதமும் இருப்பின், அந்த நச்சு வாயு சிதைந்து கந்தகமாகப் படிந்துவிடும், எஞ்சுவது நீர். உயிர்வளி வேண்டுமே என்று குழாயில் காற்றைக் கைபோன போக்கில் செலுத்தற்க. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் கலந்த கலவை தீப்பொறி பட்டால் வெடிக்கும். எவ்வளவு காற்று என்பதைக் கலன் நிறுவியவரே அளந்து வைக்கட்டும். ஈரப்பதம் வேண்டும் என்பதற்காகக் கரி நனையவும் கூடாது. நீர் நிரம்பிய துளையில் வாயு நுழைய இடமேது? ஆதலின் வடிகட்டிக்கு முன் குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வடியும் வால்வு ஒன்று இன்றியமையாதது.

இனிக் கணக்கிற்கு வருவோம். நம்மவரிடம் 25 மாடுகள். நாளொன்றுக்குச் சுமார் 10 கன மீட்டர் வாயு. பத்து லட்சத்தில் 2000 பங்கு ஹைட்ரஜன் சல்பைடு என்று வைத்துக்கொண்டால், அது நாளொன்றுக்கு 20 லிட்டர்; எடையில் ஏறத்தாழ 28 கிராம். மருந்தூட்டிய கரி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடிக்கும் என்று கொண்டாலும், 5 கிலோ கரி 35 நாள்களில் நிறைந்துவிடும். அவரோ வெறும் கரியை ஏழு மாதம் நம்பியிருந்தார்!

மாதந்தோறும் 5 கிலோ கரி வாங்க யாருக்குக் கட்டுப்படியாகும்? இதற்கு வழியுண்டு. கடைசல் பட்டறையில் தூக்கி எறியும் இரும்புச் சீவலை நனைத்துத் துருவேறவிட்டு, ஓர் உருளையில் நிரப்பி, வாயுவை முதலில் அதன் வழியே விடவேண்டும். துரு கந்தகத்தைப் பற்றிக் கறுக்கும். பத்தில் ஒன்பது பங்கை இரும்பு பிடித்துக்கொண்டால், அதே 5 கிலோ கரி ஓராண்டை நெருங்கி உழைக்கும். பெரு வேலையை மலிந்த இரும்பும், எஞ்சிய நுண்பணியை விலையுயர்ந்த கரியும் செய்வதே சிக்கனம். அடுப்புக்கு மட்டும் வாயு எடுப்போர்க்கு இரும்பு ஒன்றே போதும். கரி விற்பவர் என்ன சொன்னாலும் நான் இதையே சொல்வேன்.

நிறைந்த கரி குரல் கொடுப்பதில்லை. மூக்கோ நம்பத்தக்கதன்று. எனவே கரி உருளைகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, இடையில் ஒரு சிறு திறப்பு விடச் சொன்னேன். ஈய அசிட்டேட் தோய்த்த வெள்ளைத் தாளை நனைத்து, வாரம் ஒருமுறை அங்கே வாயுவில் காட்டவேண்டும். தாள் பழுப்பேறிக் கறுத்தால் முதல் உருளை முடிந்தது என்று பொருள்; இரண்டாவதை முன்னே நகர்த்தி, புதுக் கரியைப் பின்னே வைக்கலாம். ஈயம் நஞ்சாதலால் தாளைத் தொட்டபின் கை கழுவுக. சிறுவர் கைக்கு எட்டவிடற்க. கழற்றிய கரியும் இரும்பும் காற்றுப் பட்டதும் சூடேறி, புகைந்து தீப்பற்றவும் கூடும். நன்கு நீர் தெளித்து, வைக்கோற்போருக்குத் தொலைவில் பரப்புதல் வேண்டும்.

பேச்சினிடையே அவர் மூத்த மகன் ஒன்று சொன்னான். சாணம் கட்டியாகிவிட்டதாம், அடுத்த வாரம் கலனைத் திறந்து தானே உள்ளே இறங்கித் துப்புரவு செய்யப் போகிறானாம். "நாற்றம் அடங்கின பிறகுதான் இறங்குவேன் சாமி" என்றான். எனக்குப் பகீரென்றது. அவனை அருகே உட்காரவைத்துச் சொன்னேன்: இந்த வாயு பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கும் மிகக் குறைவாக இருக்கையில் மூக்கு அறியும்; 100 பங்கை எட்டினாலோ சில நிமிடங்களில் மோப்ப உணர்வே மரத்துப்போகும்; 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் மனிதன் விழுவான். நாற்றம் அடங்கியது போலத் தோன்றும் வேளையே கொடிய வேளையாக இருக்கக்கூடும். அது காற்றைவிடக் கனமானது, குழியில் தேங்கும். அதோடு மூச்சுக்கு வேண்டிய உயிர்வளியும் அங்கே இராது. விழுந்தவரைத் தூக்க இறங்கிய தந்தையும் தம்பியும் அடுத்தடுத்து மாண்ட செய்திகளை நாம் நாளிதழில் படிக்கவில்லையா? முகத்தில் கட்டும் துணியும், கரி வைத்த சிறு முகமூடியும் அங்கே உதவா. வெளியிலிருந்து காற்றுக் கொணரும் மூச்சுக்கருவியும், இடுப்பில் கயிறும், மேலே ஆளும் உடைய பயிற்சி பெற்றோரைத் தவிர எவரும் இறங்கலாகாது.

பையன் சற்று நேரம் பேசவில்லை. அவன் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

சென்ற வெள்ளியன்று அவ்வழியே போனபோது எட்டிப் பார்த்தேன். கட்டியான சாணத்தை மேலிருந்தே நீண்ட கழியால் கலக்கி, நீர் விட்டு இளக்கியிருந்தார்கள், கலன் திறக்கப்படவில்லை. கரி உருளைகள் இரண்டின் மீதும் நிரப்பிய தேதி சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. பையனே தாளை நனைத்துக் காட்டினான். வெள்ளையாகவே இருந்தது.