ஒரே ஒரு திருகு

டெக்ஸஸ் மாநிலத்துப் பேர்லேண்ட் ஸ்ரீ மீனாட்சி கோவிலில் சுவாமி புறப்படும் வேளையில், நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் பொருத்தி ஊதத் தொடங்கிவிட்டால், கார்கள் நிற்கும் இடத்தின் கடைசி வரிசையில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவனுக்கும் அது கேட்கும். மின்சாரத்தின் தயவு அதற்கு வேண்டியதில்லை. அதே கோவிலுக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் பழகும் எலெக்ட்ரிக் கிதாருக்கோ மின்சாரமே பிராணன். தந்தியின் அதிர்வு அதன் பிக்கப்பில் எழுப்புவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவான சன்னமான சமிக்ஞைதான். அதை ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியிலேயே சற்று வளர்த்துக் கொடுக்கும் சிறு பெட்டிக்குத்தான் பூஸ்ட் பெடல் என்று பெயர்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், "அங்கிள், எந்த பூஸ்ட் வாங்கலாம்?" என்று கேட்டபோது, பக்கத்திலிருந்த அவன் பாட்டி பாலில் கலக்கும் பூஸ்டை நினைத்துக்கொண்டு, "பட்டேல் கடையிலேயே இருக்குமே" என்றார். பையனுடைய குறை வேறு. கிதாரில் அவன் கல்யாணி வாசிக்கிறான். ஒரு மீட்டில் எழுந்த நாதம், கமகம் முடிவதற்குள் மங்கிப்போகிறது. பெரிய ஆம்ப் வாங்கு என்றார் ஒருவர். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வாங்கு என்றார் மற்றொருவர். டிஸ்டார்ஷன் நாதத்தை நீட்டுவது மெய்யே. ஆனால் மெல்ல மீட்டியதற்கும் அழுத்தி மீட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை அது பெரும்பாலும் தின்றுவிடுகிறது. நம் சங்கீதத்தில் பாதி அந்த வித்தியாசத்தில் அல்லவா இருக்கிறது? இரட்டைத் தந்திகள் கொண்ட மாண்டலினை ஒதுக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் கமகங்களை நிலைநாட்டியது, நாதம் மங்கிப்போகும் இதே சங்கடத்துக்கு அவர் கண்ட பரிகாரம் என்பதே என் அபிப்பிராயம்.

இப்பெட்டிகளின் மூதாதை 1960-களில் இங்கிலாந்தில் பிறந்த டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர். பெயரைக் கண்டு நம் டெக்ஸஸ்காரர்கள் உரிமை கொண்டாட வேண்டாம். டல்லாஸ் என்பது லண்டன் நிறுவனத்தின் பெயர். ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். மந்தர ஒலியை வேண்டுமென்றே வடிகட்டிவிட்டு உச்ச ஒலியைத் தூக்கித் தரும். ராக் கிதார்க்காரர்களான ரோரி கல்லகரும் பிரையன் மேயும் அதை வால்வு ஆம்பான வாக்ஸ் ஏ.சி. 30-க்கு முன்னால் வைத்து வாசித்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நியூயார்க்கின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் எல்.பி.பி.-1 என்பதைக் கொண்டுவந்தது. அதிலும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு திருகு, அவ்வளவே.

பெட்டி தருவது தள்ளுதல் மட்டுமே; அதை நாதமாக்குவது ஆம்ப். ஆகவே, பெடலின் விலையை விசாரிக்குமுன் வீட்டிலுள்ள ஆம்பை விசாரிக்க வேண்டும். வால்வு ஆம்ப் தன் எல்லையை நெருங்கியிருக்கும்போது பூஸ்ட் வந்து தள்ளினால், சத்தம் அதிகம் கூடாமல் நாதம் கனத்து நீளும். சுத்தமாக ஒலிக்கும் டிரான்சிஸ்டர் ஆம்பில் சத்தம் மட்டுமே கூடும். டிஜிட்டல் ஆம்பிலோ அளவு மீறினால் கரகரக்கும். டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் பூஸ்டை வைத்தால் டிஸ்டார்ஷன் தடிக்கும். பின்னால் வைத்தால் தனி வாசிக்கும் இடத்தில் ஒலி உயரும். சுவருக்குச் சுவர் குடித்தனம் இருக்கும் எங்கள் தெருவில் ஐந்து வாட் வால்வு ஆம்பும் ஒரு திருகுப் பெடலும் போதும் என்றேன். ஐந்து திருகுள்ள பெட்டி வாங்கியவன் வாசிப்பதைவிடத் திருகுவதே அதிகம் என்பதற்குச் சாட்சியாக என் அலமாரியைத் திறந்து காட்டினேன்.

பையன் வாங்கினான். கிதாரின் வால்யூமைப் பாதிக்கு இறக்கி ஆலாபனையைத் தொடங்கி, பஞ்சமத்துக்கு ஏறும்போது சுண்டுவிரலால் அதைத் திறந்துவிடவும் கற்றான். பத்து நாள் கழித்துப் பெடல் செத்துவிட்டது என்று வந்து நின்றான். செத்தது ஒன்பது வோல்ட் பேட்டரி மட்டும்: உள்ளே போகும் கேபிள் செருகியிருக்கும்வரை, காலால் அணைத்திருந்தாலும் பெட்டி விழித்தேயிருக்கும். இப்போது அவன் பாட்டிதான் படுக்கப்போகுமுன் அந்தக் கேபிளைப் பிடுங்கி வைக்கிறாராம்.