கரையோரத்துக்கு ஒரு கச்சேரி, கல்முனை வடக்குக்கு ஒரு கையொப்பம்

2025 மே 6ஆம் திகதி நாட்டின் 339 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. திருக்கோவில் பிரதேச சபைக்கு நாமும் வரிசையில் நின்று வாக்களித்தோம். கல்முனையில் அன்று வாக்குப்பெட்டியே வைக்கப்படவில்லை. மாநகர எல்லைக்குள் உள்ள சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை கொடுப்பதா என்ற பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போய், கல்முனை மாநகர சபைத் தேர்தலுக்குத் தடை விழுந்திருந்தது. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த அந்தச் சபை, அதன் பிறகு மக்கள் தெரிவு செய்த ஒருவரும் இல்லாமல், அதிகாரிகளின் கையில் ஓடியது. குப்பை வண்டி வராவிட்டால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்று தெரியாத நிலையில் ஒரு மாநகரம்! எல்லை தீராத குற்றத்துக்கு வாக்காளனுக்குத் தண்டனை.

அம்பாறைக் கரையோரத்தில் எல்லைச் சண்டை மூன்று. சாய்ந்தமருதின் சபை ஒன்று. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது இன்னொன்று. கரையோரத்துக்குத் தனி மாவட்டம் என்பது மூன்றாவது. மூன்றையும் தேர்தலுக்குத் தேர்தல் தூசு தட்டி எடுப்பதும், முடிந்ததும் பரணில் ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டது. அதைவிடக் கேடானது, ஒன்றை மற்றொன்றுக்குப் பணயமாக வைப்பது. ‘அவர்களுக்குச் செயலகம் கொடுத்தால் எங்களுக்கு மாவட்டம் தா’, ‘மாவட்டத்தைக் கைவிட்டால் செயலகத்தைப் பார்க்கலாம்’ என்ற பேரத்தில் செயலகம் கேட்கும் தமிழரும் மாவட்டம் கேட்கும் முஸ்லிம்களும் தோற்று நிற்கிறார்கள். நம் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்கிறோம்: கல்முனை வடக்குச் செயலகத்துக்கு முழு அதிகாரம் இப்போதே, நிபந்தனையின்றி வழங்கப்பட வேண்டும். கரையோர மாவட்டக் கோரிக்கை நியாயமானது, ஆனால் அதை ஒரு சட்ட நடைமுறைக்கு உட்படுத்தி, பகிரங்கமாக விசாரித்து முடிக்க வேண்டும்.

இந்தக் கரையின் அமைப்பை அறியாத கொழும்பு வாசகருக்காக ஒரு விளக்கம். பெரியநீலாவணையில் பஸ் ஏறித் தெற்கே வந்தால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பட்டை, தம்பிலுவில், பிறகு திருக்கோவில். தமிழூர், முஸ்லிமூர், மீண்டும் தமிழூர் என்று ஒரே வீதியில் மாறி மாறி வரும். மேற்கே வட்டைக்குள் இறங்கினால் இந்தக் கலப்பு இன்னும் நெருக்கம். வரம்புக்கு இந்தப் பக்கம் தமிழரின் காணி, அந்தப் பக்கம் முஸ்லிமின் காணி, இரண்டுக்கும் ஒரே வாய்க்கால். இப்படியான ஓரிடத்தில் அளவுகோல் வைத்து நேர்கோடு இழுக்க எந்த நிலஅளவையாளராலும் முடியாது. ஆகவே கோடு எங்கே விழ வேண்டும் என்பதைப் போலவே, எந்த முறையில் விழ வேண்டும் என்பதும் இங்கே முக்கியம்.

1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்குப் பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டத்தை ஆக்கியபோது கரையோரத்தாரை யாரும் கலந்து பேசவில்லை. கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த அம்பாறை நகரில் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், அமைந்தது. 2012 குடிசனக் கணக்கின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். அதாவது பத்தில் ஆறு பேர் தமிழ் பேசுகிறவர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையோ வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாக மொழி தமிழ் என்று சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் சரி.

நடைமுறையைப் பாருங்கள். தாண்டியடியிலோ விநாயகபுரத்திலோ காணி உத்தரவுப்பத்திரச் சிக்கலுள்ள ஒருவருக்கு மாவட்டச் செயலகத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வருகிறது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஊருக்குள் தேடிப் பிடித்து அதை வாசித்துக் கேட்கிறார். காலையில் முதல் பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போய், அங்கே இறங்கி அம்பாறை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். கச்சேரியில் கோவை எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரிக்கவே மொழிபெயர்ப்புக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த உத்தியோகத்தர் விடுமுறை என்றால், திரும்பி இன்னொரு நாள். கூலிக்கு வேலை செய்கிறவருக்கு அது இரண்டு நாள் சம்பளம்.

ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்வோம். தூரத்தைச் சொல்லி வாதாடினால் திருக்கோவிலாருக்கு அந்த வாதம் நிற்காது. எங்களுக்குக் கல்முனை அம்பாறையைவிடக் கிட்ட இல்லை, இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். பொத்துவிலாருக்குக் கல்முனை இன்னும் எட்டம். எங்கள் கோரிக்கையின் அடிப்படை மொழி. மேசையில் இருக்கிற உத்தியோகத்தரிடம் தன் சங்கதியைத் தானே சொல்லக்கூடிய ஒரு கச்சேரி வேண்டும் என்பதுதான் அது.

கரையோரத்தைத் தனி அலகாக்கினால் நாடு பிளந்துவிடும் என்று கூக்குரலிடுவோர் சுகாதாரத் துறையைப் போய்ப் பார்க்க வேண்டும். நாட்டில் மாவட்டங்கள் 25, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைகள் 26. மேலதிகமான அந்த ஒன்று கல்முனையில் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தைச் சுகாதார நிர்வாகத்துக்காக எப்போதோ இரண்டாக்கிவிட்டார்கள். அதனால் நாடு பிளக்கவில்லை, பிள்ளைகளுக்கு ஊசி போடும் வேலை ஒழுங்காக நடக்கிறது. மாவட்டங்களின் எண்ணிக்கையும் கல்லில் வெட்டியதல்ல. 1978இல் கம்பஹாவும் முல்லைத்தீவும், 1984இல் கிளிநொச்சியும் புதிதாகப் பிறந்தவைதாம்.

இனிக் கல்முனை வடக்கு. 1989இல் தொடங்கிய உப அலுவலகம் அது. நாட்டின் பல உப அலுவலகங்களை முழுப் பிரதேச செயலகங்களாக உயர்த்த 1993இல் அமைச்சரவை தீர்மானித்தது. மற்ற இடங்களில் வேலை நடந்தது. சாய்ந்தமருதுக்கும் பின்னர் சொந்தச் செயலகம் கிடைத்தது. கல்முனை வடக்கு மட்டும் ‘உப’ என்ற ஒட்டோடு நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், குடிசனக் கணக்கெடுப்புத் திணைக்களம் அதைத் தனிப்பிரிவாகவே கணக்கிடுகிறது. தலை எண்ணும்போது தனிப்பிரிவு, காசும் காணியும் என்று வரும்போது உப அலுவலகம்.

2019 ஜூனில் இந்தத் தரமுயர்வைக் கேட்டுக் கல்முனையில் ஒரு பௌத்த பிக்குவும் இந்துக் குருவும் மாநகர சபை உறுப்பினர்கள் சிலரும் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்து இரண்டு மாதம் ஆகவில்லை. முஸ்லிம்கள் வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சிய காலம் அது. அந்த நேரம் பார்த்துப் பௌத்த கடும்போக்கு அமைப்பான பொதுபல சேனாவின் ஞானசார தேரர் பந்தலுக்கு வந்து வாக்குறுதி கொடுத்தார். எதிரே முஸ்லிம்கள் பதில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நியாயமான ஒரு நிர்வாகக் கோரிக்கை, பக்கத்து வீட்டுக்காரனை மிரட்டும் கோரிக்கையாகத் தோற்றம் பெற்றது அந்தப் பந்தலில்தான். அந்த ஆதரவை வாங்கியிருக்கக் கூடாது என்பது நம் கருத்து. கிடைத்ததும் ஒன்றுமில்லை. 2024 மார்ச்சில் அதே மக்கள் செயலக வாசலில் மீண்டும் குந்த வேண்டி வந்தது.

முஸ்லிம் தரப்பின் அச்சத்தையும் கேட்க வேண்டும். தங்கள் கடைகள் நிறைந்த கல்முனைக் கடைத்தெரு வடக்குப் பிரிவுக்குள் போய்விடும், இன அடிப்படையில் தொடர்பில்லாத துண்டுகளாக எல்லை போடுகிறார்கள் என்பது அவர்களின் முறைப்பாடு. தரவைப் பிள்ளையார் கோவில் வீதியா, தாளவட்டுவான் சந்தியா எல்லை என்று கேட்டால் கல்முனையில் யாரும் தூக்கத்திலும் பதில் சொல்வார்கள். பேசித் தீர்க்கக்கூடிய பிரச்சினைதான். ஆனால் வீதியின் பெயரைத் தீர்க்க முடியாததால் பிரதேச செயலகமே வேண்டாம் என்பது வாதமாகாது. ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் இரண்டு செயலகமாக ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. அக்கரைப்பற்றுச் சந்தையில் யாருடைய வியாபாரமும் அதனால் படுத்துவிடவில்லை.

எல்லைக் கோரிக்கைகளை அரசு எப்படிக் கையாள்கிறது என்பதற்குச் சாய்ந்தமருதே சாட்சி. 2018 தேர்தலில் தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சைக் குழுவை நிறுத்தி, தங்கள் வட்டாரங்களைப் பெரிய கட்சிகளிடமிருந்து பறித்துத் தங்கள் விருப்பத்தைக் காட்டினார்கள் அந்த ஊரார். 2020 பெப்ரவரி 14ஆம் திகதி நகர சபையைப் பிரகடனம் செய்து அதிவிசேட வர்த்தமானி வந்தது. ஊரில் வெடி கொளுத்தினார்கள். ஒரு வாரம் கழியும் முன்பே அமைச்சரவை அதை இடைநிறுத்தியது. விசாரணை நடந்ததா? வரைபடம் வெளியிட்டார்களா? கொடுத்ததற்கும் காரணம் சொல்லவில்லை, எடுத்ததற்கும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் மேற்காபிரிக்காவின் கானாவைப் பார்ப்பது பயன் தரும். அங்கும் இனங்கள் பல, மொழிகள் பல, ஊருக்கு ஊர் போட்டி. 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 5ஆம் உறுப்புரை, புதிய பிராந்தியம் ஒன்றை எப்படி உருவாக்குவது என்பதைப் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறது. முதலில் மக்களின் மனு. பிறகு ஜனாதிபதி, அரச பேரவையின் ஆலோசனையோடு நியமிக்கும் விசாரணை ஆணைக்குழு. அது தேவை என்று சொன்னால் சர்வசன வாக்கெடுப்பு. வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும், அளித்த வாக்குகளில் 80 வீதமாவது ஆதரவாக இருக்க வேண்டும். 2017இல் நீதியரசர் பிரொபி தலைமையில் ஆணைக்குழு அமைந்து ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்டது. 2018 டிசம்பர் 27ஆம் திகதி வாக்கெடுப்பு. ஓட்டி, அஹாபோ, பொனோ கிழக்கு, வடகிழக்கு, சவன்னா, மேற்கு வடக்கு என்று ஆறு பிராந்தியங்கள் பிறந்தன. பத்தாக இருந்தவை பதினாறாயின. எல்லாவற்றிலும் ஆதரவு 98 வீதத்துக்கு மேல்.

அந்த வீதத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பிரிந்து போகும் பகுதிகளில் மட்டுமே வாக்கெடுத்தார்கள். வொல்ட்டா பிராந்தியத்தின் மற்றப் பகுதியாருக்கு, தங்கள் வடக்குத் துண்டை ஓட்டியாகப் பிரிப்பது பற்றிச் சொல்ல வாக்கு இல்லை. அந்தப் புண் ஆறவில்லை. பிராந்தியம் வந்ததும் தலைநகர் எது என்று அடுத்த சண்டை. ஓட்டிக்கு டம்பாய் தலைநகர் என்றதும் ஜாசிகன் ஊரார் வீதிக்கு இறங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சன்ட்ரோகோபி, அக்பாபு, லொலோபி, லிக்பே என்ற நான்கு ஊர்ப் பகுதிகளின் கதை. பிராந்திய எல்லை மாறியதில் அவர்களின் பழைய தொகுதியும் போனது, புதிய தொகுதியும் வரவில்லை. 2020 டிசம்பர் தேர்தலுக்கு முந்தைய இரவில், உங்களுக்கு ஜனாதிபதி வாக்கு மட்டும்தான், பாராளுமன்ற வாக்கு இல்லை என்று தேர்தல் ஆணைக்குழு அறிவித்தது. நான்கு ஆண்டுகள் பிரதிநிதி இல்லாமல் இருந்தார்கள். 2024 டிசம்பரில்தான் குவான் தொகுதியில் அவர்களுக்கு ஓர் உறுப்பினர் கிடைத்தார். கல்முனையார் இந்தக் கதையைக் கேட்டால் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

கானாவுக்குக் கொஞ்சம் கிழக்கே நைஜீரியா, முறை எதுவுமில்லாமல் கோடு கீறியதன் விலையைச் சொல்லும். 1967 மே 27ஆம் திகதி இராணுவ ஆட்சியாளர் கோவன் ஒரே ஆணையில் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாக்கினார். மூன்றாம் நாள் பியாப்ரா பிரகடனமானது. அந்தப் போருக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், மேலிருந்து விழுந்த கோடு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

ஆகவே நாம் கேட்பது கானாவின் வாக்கெடுப்பை அப்படியே இறக்குமதி செய்வதை அல்ல. மொத்தத் தலைக்கணக்கில் வாக்கெடுத்தால் கரையோரத்தில் தமிழரின் குரல் மூழ்கும், கல்முனை வடக்கில் முஸ்லிமின் குரல் மூழ்கும். கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக விருப்பம் கேட்க வேண்டும். மனு கொடுக்க ஒரு வழி, இரு மொழியிலும் பகிரங்க விசாரணை, வரைபடத்தை முன்கூட்டியே வெளியிடுவது, காரணம் எழுதிய தீர்ப்பு, அதற்கு ஒரு கால எல்லை. எல்லை விவகாரம் முடியும்வரை பழைய எல்லையில் தேர்தல் நடந்தே ஆக வேண்டும் என்ற ஒரு வாசகம். இவற்றைப் பாராளுமன்றம் சட்டமாக்கட்டும்.

நம்மவருக்கும் ஒரு வார்த்தை. கரையோர மாவட்டம் வந்தால் முஸ்லிம்களின் கீழ் போய்விடுவோம் என்று தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும் முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய மாவட்டத்தில் நாம் 17 வீதம். சிங்களப் பெரும்பான்மைப் பிரிவுகள் கழிந்த கரையோரத்தில் நமது பங்கு கூடுமே தவிரக் குறையாது. கச்சேரி தமிழில் நடக்கும். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் காலத்திலிருந்து முஸ்லிம் தலைமைகள் கேட்டு வரும் இந்த மாவட்டத்தை, கேட்பவர் முஸ்லிம் என்பதற்காக நாம் எதிர்ப்பது நமக்கே நட்டம். அதேபோல, கேட்பவர் தமிழர் என்பதற்காகக் கல்முனை வடக்கை மறிப்பது முஸ்லிம் தலைமைகளுக்கு அழகல்ல. திகாமடுல்ல என்ற நம் தேர்தல் மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒரே மேசையில் குந்தி, இரண்டு கோரிக்கைகளிலும் ஒன்றாகக் கையொப்பமிட்டு அரசிடம் கொடுக்க வேண்டும்.

மாவட்டத்துக்கு விசாரணை வேண்டும், சட்டம் வேண்டும், காலம் எடுக்கும். கல்முனை வடக்குக்கு அவை எதுவும் வேண்டியதில்லை. அமைச்சரவை முடிவு 1993ஆம் ஆண்டிலிருந்து கிடக்கிறது. அதை நிறைவேற்றும் வர்த்தமானியை அரசு இனியும் தாமதிக்காமல் வெளியிட வேண்டும்.